கேட்வேக்களில் ஓஎஸ்பிஎஃப்: தலைமை அலுவலகத்தையும் கிளையையும் இரண்டு வழிகளில் இணைத்தல்

தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் இடையே இரண்டு இணைப்புகள் இருந்தும், ஒன்று அறுந்தால் யாராவது உள்நுழைந்து ஸ்டாட்டிக் ரூட்டை (கையால் எழுதிவைத்த வழியை) மாற்றும்வரை வேலை நின்றுபோகும் நிறுவனங்கள் பல உண்டு. அந்த மாற்றத்தைக் கேட்வேக்களே (அலுவலக வலையமைப்பை வெளியே இணைக்கும் கருவிகளே) செய்துகொள்வதற்குத்தான் டைனமிக் ரூட்டிங். நிறுவனத்துக்கு உள்ளேயான வழிகளுக்கு, ரவுட்டர்கள் தங்கள் இணைப்புகளை ஒன்றுக்கொன்று அறிவித்துச் சிறந்த வழியைக் கணக்கிடும் ஓஎஸ்பிஎஃப் (OSPF) பொருத்தமானது. சில கிளைகளே இருந்தால் எல்லாவற்றையும் ஏரியா 0 எனப்படும் மையப் பகுதியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒவ்வொரு கேட்வேக்கும் ரவுட்டர் ஐடியை (அதை மட்டும் அடையாளம் காட்டும் எண்ணை) கையால் எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கருவி தன்னிடமுள்ள முகவரிகளில் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். மறுதொடக்கத்துக்குப் பிறகு அது வேறொன்றாக மாறிவிடவும் கூடும். பழைய கட்டமைப்பை நகலெடுத்துப் புதிய கிளைக்குப் போடும்போது ஒரே ஐடி இரண்டு இடங்களில் அமைந்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது. பழைய ஸ்டாட்டிக் ரூட்டுகளையும் இப்போதே பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். சிஸ்கோ கருவிகளில் ஸ்டாட்டிக் ரூட்டின் முன்னுரிமை எண் 1, ஓஎஸ்பிஎஃபின் எண் 110. குறைந்த எண்ணே வெல்லும் என்பதால், ஒரே வலையமைப்புக்கு எழுதப்பட்ட பழைய ரூட்டை நீக்காதவரை, ஓஎஸ்பிஎஃப் கற்றுக்கொண்ட வழி பயன்பாட்டுக்கே வராது.

அடுத்து, எல்லா இன்டர்ஃபேஸ்களையும் (இணைப்பு முனைகளையும்) அண்டை உறவு வைக்காத பாசிவ் நிலையில் வைத்துவிட்டு, மற்றொரு கேட்வேயை நோக்கியிருப்பவற்றை மட்டும் திறந்துவிடுங்கள். பயனாளர் பக்கம் திறந்திருந்தால், அங்கே செருகப்படும் எந்தக் கணினியும் அண்டை ரவுட்டராக நடித்துப் பொய்யான வழிகளை அறிவிக்க முடியும். திறந்த இன்டர்ஃபேஸ்களில் அங்கீகாரம் கட்டாயம்: இரு பக்கமும் ஏற்குமானால் எஸ்எச்ஏ முறையும், இல்லையென்றால் எம்டி5 முறையும் வையுங்கள். மறைக்குறியாக்கம் இல்லாத வெறும் கடவுச்சொல் வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான்.

ஃபயர்வால் விதியில் பலர் போர்ட் எண்ணைத் தேடுகிறார்கள். ஓஎஸ்பிஎஃப், டிசிபியிலோ யுடிபியிலோ பயணிப்பதில்லை. அதற்கென ஐபி புரோட்டோகால் எண் 89 இருக்கிறது. அந்த எண்ணையும், 224.0.0.5, 224.0.0.6 ஆகிய மல்டிகாஸ்ட் முகவரிகளையும் கேட்வேக்கே வரும் போக்குவரத்துக்கான விதியில் அனுமதிக்க வேண்டும். இணைப்பு ஐபிசெக் டனலாக (மறைக்குறியாக்கம் செய்யப்பட்ட இணைப்பாக) இருந்தால், தனக்கென ஓர் இன்டர்ஃபேஸ் உள்ள ரூட் அடிப்படையிலான டனலைத் தேர்ந்தெடுத்து, அதை இரு முனைகளை மட்டும் இணைக்கும் பாயின்ட் டு பாயின்ட் வகையாக அறிவியுங்கள்.

அண்டை உறவு உருவாக ஏரியா எண், ஹலோ நேரம் (‘இருக்கிறேன்’ என்ற செய்தியை அனுப்பும் இடைவெளி), டெட் நேரம் (அது வராவிட்டால் அண்டையை இழந்ததாகக் கொள்ளும் நேரம்), அங்கீகாரம் ஆகியவை இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஹலோ 10 நொடி, டெட் 40 நொடி என்பது வழக்கமான மதிப்பு. இவையெல்லாம் சரியாக இருந்தும் உறவு, தகவல் பரிமாற்றம் தொடங்கும் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே நின்றுவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிங் போகும், ஹலோவும் வரும். ஆனால் ஒரு பக்கம் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500, மறுபக்கம் 1400 என்றிருக்கும். தகவல்தளத்தை விவரிக்கும் பாக்கெட்டுக்குள் அனுப்புபவரின் எம்டியுவும் எழுதப்பட்டிருக்கும் என்பதால், அது தன்னால் ஏற்க முடியாத அளவு என்று கண்ட பக்கம் அந்தப் பாக்கெட்டை நிராகரித்துவிடும். எம்டியுவைப் பொருட்படுத்தாதே என்னும் கட்டளை உண்டு. அதைப் போட்டால் உறவு உருவாகிவிடும், ஆனால் பின்னர் பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலையக்கூடும். இரு பக்கமும் ஒரே எம்டியுவை வைப்பதே சரியான தீர்வு.

இனி மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி, காஸ்ட்: ஒவ்வொரு வழிக்கும் தரப்படும் எண், குறைந்ததே தேர்ந்தெடுக்கப்படும். பல கருவிகளில் இந்த எண்ணைக் கணக்கிட இணைப்பின் வேகத்தால் வகுக்கப்படும் அடிப்படை இன்னும் 100 மெகாபிட்தான். அதனால் 100 மெகாபிட், 1 கிகாபிட், 10 கிகாபிட் ஆகிய மூன்றுக்குமே காஸ்ட் 1 என்றாகி, வேகமான வழியைப் பிரித்தறிய முடியாமல் போகிறது. அடிப்படை மதிப்பை எல்லாக் கேட்வேக்களிலும் ஒரே அளவுக்கு உயர்த்துங்கள். டனலுக்கு மட்டும் காஸ்ட்டைக் கையால் எழுதுங்கள்: முதன்மை வழிக்கு 10, மாற்று வழிக்கு 100 என்று இரு முனையிலும் ஒன்றுபோலவே எழுத வேண்டும். ஒரு முனையில் மட்டும் எழுதினால், போகும் பாக்கெட் ஒரு வழியிலும் திரும்பும் பாக்கெட் மறுவழியிலும் பயணிக்கக்கூடும். சாதாரண ரவுட்டருக்கு அது பெரிய சிக்கலன்று. ஆனால் ஒவ்வொரு இணைப்பின் நிலையையும் நினைவில் வைத்திருக்கும் ஃபயர்வால், தான் எதிர்பார்க்காத இன்டர்ஃபேஸில் வந்த பதிலைத் தூக்கி எறிந்துவிடக்கூடும். ரூட்டிங் அட்டவணை முழுவதும் சரியாகத் தெரியும்போதே பயன்பாடு மட்டும் திறக்காமல் நிற்கும்.

டிஃபால்ட் ரூட்டை (வேறு வழி குறிப்பிடப்படாத போக்குவரத்துக்கான வழியை) கிளைகளுக்கு அறிவிக்கும்போது ‘எப்போதும்’ என்ற விருப்பத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது இருந்தால், இணைய இணைப்பை இழந்த கேட்வேயும் எல்லாப் போக்குவரத்தையும் தன்னிடம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதைத் தவிர்த்தாலும், அந்தக் கேட்வேயின் சொந்த டிஃபால்ட் ரூட் ஸ்டாட்டிக்காக இருந்தால், அப்பாலுள்ள முகவரியைக் கண்காணித்து அதை நீக்கும் ஏற்பாடும் வேண்டும்.

சோதனையில், உறவு முழுமையடைந்த ‘ஃபுல்’ நிலைக்கு வந்ததா என்று பார்த்தபின், இரு திசைகளிலிருந்தும் ட்ரேஸ்ரூட் (பாக்கெட் செல்லும் வழியைக் காட்டும் சோதனை) எடுங்கள். பிறகு முதன்மை வழியைத் துண்டியுங்கள். கேபிளைப் பிடுங்கினால் இன்டர்ஃபேஸ் உடனே இறங்கிவிடும் என்பதால், நடுவிலுள்ள ஒரு கருவியில் போக்குவரத்தைத் தடுத்துப் பார்ப்பதே உண்மையான சோதனை. அப்போது டெட் நேரமான 40 நொடிவரை எதுவும் நகராது. அது அதிகம் என்றால், இரு முனையிலும் பிஎஃப்டியை (துண்டிப்பை விரைவாகக் கண்டறியும் முறையை) இயக்குங்கள். 300 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், தொடர்ந்து மூன்று தவறினால் துண்டிப்பு என்று வைத்தால், ஒரு நொடிக்குள் பழுது தெரிந்துவிடும். தடையை நீக்கியதும் போக்குவரத்து முதன்மை வழிக்கே திரும்புகிறதா என்று உறுதிசெய்து, கட்டமைப்பைச் சேமித்து, ஒருமுறை மறுதொடக்கம் செய்து, அதே ட்ரேஸ்ரூட்டை மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.