காலேஜ் ஃபுட்பாலில் யார் எந்த கான்ஃபரன்ஸ்? நீங்களே ஒரு ஷீட் போட்டுக் கண்டுபிடிக்கலாம்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஊரில் குடியேறியவர்களுக்கு ஆகஸ்ட் முடிந்தாலே காலேஜ் ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) தொற்றிக்கொள்ளும். ஆட்ட விதிகள் சில சனிக்கிழமைகளில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது கான்ஃபரன்ஸ் கணக்கு, அதாவது எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் போட்டிக் குழுவில் ஆடுகிறது என்பது. கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் ஏன் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது? பிக் டென்னில் எப்படி 18 அணிகள்? வண்ண வரைபடங்கள் எவ்வளவு பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. தேதிகளை ஒரு ஷீட்டில் வரிசையாகப் போட்ட பிறகுதான் விளங்கியது. இன்று யார் எங்கே என்பதோடு வரைபடம் நின்றுவிடும். ஏன் அந்த வருடம் நகர்ந்தார்கள் என்பதைத் தேதிகளில்தான் தேட வேண்டும்.

எனக்குப் பிடித்த கருவி கூகுள் ஷீட்ஸ். மேட்ச் பார்த்துக்கொண்டே போனில் திறந்து திருத்தலாம். விக்கிபீடியா அட்டவணையை அப்படியே காப்பி செய்து ஒட்டாதீர்கள். அடிக்குறிப்பு எண்கள் வருடத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பிறகு ஒவ்வொன்றாகக் களையெடுக்க வேண்டும். கையால் தட்டுங்கள், தட்டத் தட்ட வரலாறும் மனதில் பதியும்.

படி 1: ஒரு வரிக்கு ஒரு தங்கல்

ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி என்று வைத்தால் ஷீட் உதவாது. ஒரு கான்ஃபரன்ஸில் தங்கிய காலத்துக்கு ஒரு வரி வையுங்கள். டெக்சஸுக்கு மூன்று வரி வரும்: 1995 வரை சவுத்வெஸ்ட், 1996 முதல் 2023 வரை பிக் 12, 2024 முதல் எஸ்இசி (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்).

பத்திகள் ஆறு: பல்கலைக்கழகம், கான்ஃபரன்ஸ், அறிவித்த தேதி, சேர்ந்த தேதி, முதல் சீசன், கடைசி சீசன். இன்னும் அங்கேயே இருப்பவர்களுக்குக் கடைசி சீசனில் 9999 போடுங்கள். காலியாக விட்டால் பிறகு ஃபில்டர் போடும்போது அவர்கள் பட்டியலில் வராமல் போவார்கள்.

படி 2: தேதி

நெடுநேரம் பிடித்த படி இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

அறிவிப்பு, சேர்க்கை, முதல் ஆட்டம் மூன்றும் வேறு வேறு. லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சி, யுசிஎல்ஏ பல்கலைக்கழகங்கள் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது 2022 ஜூன் 30. சேர்ந்தது 2024 ஆகஸ்ட் 2. நடுவில் இரண்டு முழு சீசன்கள் பாக்-12 (அப்போதைய மேற்குப் பகுதி கான்ஃபரன்ஸ்) அணிகளாகவே ஆடின. செய்தித் தலைப்பைப் பார்த்து 2022 என்று போட்டால் எல்லாக் கணக்கும் தப்பும். சேர்க்கை எப்போதும் ஜூலை 1 என்றும் நினைக்க வேண்டாம். டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசிக்குப் போனது ஜூலை 1. பாக்-12இலிருந்து போனவர்களுக்கு ஆகஸ்ட் 2.

அறிவித்துவிட்டுப் போகாதவர்களும் உண்டு. டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 2010 நவம்பரில் பிக் ஈஸ்ட்டில் சேர ஒப்புக்கொண்டது. 2011 அக்டோபரில் மனம் மாறி பிக் 12 என்றது. 2012இல் அங்கேயே ஆடத் தொடங்கியது. பிக் ஈஸ்ட்டில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இப்படிப்பட்ட வரியை அழிக்காதீர்கள். அறிவித்த தேதியை வைத்துக்கொண்டு சீசன் பத்திகளைக் காலியாக விடுங்கள்.

சேர்த்தது: தேதி வரிசையில் அடுக்கினால் எல்லாம் கலைந்துபோகிறது என்று இந்தியாவிலிருந்து சிலர் எழுதியிருந்தார்கள். ஷீட்டின் லொகேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) இந்தியா என்று இருந்தால், அமெரிக்க முறையில் 8/2/2024 என்று தட்டுவது பிப்ரவரி 8 ஆகிவிடும். 6/30/2022 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். கண்டுபிடிக்க எளிய வழி: சரியான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலை மாற்றலாம். நான் சிபாரிசு செய்வது, எந்த லொகேலிலும் குழம்பாத 2024-08-02 என்ற வடிவம்.

படி 3: பிக் டென்னில் தொடங்குங்கள்

முதல் சீசன் 2013 அல்லது அதற்கு முன், கடைசி சீசன் 2013 அல்லது அதற்குப் பின் என்று ஃபில்டர் போட்டால் 12 பெயர் வர வேண்டும். பென் ஸ்டேட் 1993இல் ஆட வந்ததும் 11. நெப்ராஸ்கா 2011இல் வர 12. மேரிலாண்டும் ரட்கர்ஸும் 2014இல் வர 14. 2024இல் மேற்குக் கரையிலிருந்து நால்வர் வர 18. இந்த நான்கு எண்ணும் பொருந்தினால் உங்கள் ஷீட் சரி. பிறகு எஸ்இசி (2024இல் 16), பிக் 12 (அதே வருடம் 16).

ஏசிசிக்கு (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) வரும்போது நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திடம் நிதானியுங்கள். மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் 2013 முதல் ஏசிசி, ஃபுட்பாலில் தனி. ஆனால் கொரோனா வருடமான 2020இல் மட்டும் ஏசிசி அணியாகவே ஆடியது. அதனால் முதல் சீசன் 2020, கடைசி சீசன் 2020 என்று ஒரு வரி. இதைப் போடாவிட்டால் அந்த வருடம் 15க்குப் பதில் 14 காட்டும்.

படி 4: இரண்டாவது டேப், டிவி ஒப்பந்தங்கள்

ஷீட்டின் உயிர் இங்கேதான். டிவி உரிமை முழுவதும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) கையில் இருந்ததை 1984இல் உச்ச நீதிமன்றம் முறித்தது. வழக்குத் தொடுத்தவற்றில் ஒன்று ஓக்லஹோமா பல்கலைக்கழகம். அதன்பின் கான்ஃபரன்ஸ்களே பேரம் பேச ஆரம்பித்தன. ஆகவே ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் ஒப்பந்தம் முடியும் வருடத்தைப் போடுங்கள்: பழைய பாக்-12 2024, பழைய பிக் 12 2025, ஏசிசி 2036. இவற்றோடு உறுப்பினர்கள் தங்கள் ஒளிபரப்பு உரிமையை கான்ஃபரன்ஸுக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரமும் உண்டு. அது உயிரோடு இருக்கும்வரை கிளம்புவது பெரும் செலவு. டெக்சஸும் ஓக்லஹோமாவும் ஒரு வருடம் முன்னதாகக் கிளம்ப இருவருமாகச் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள். யுஎஸ்சி, யுசிஎல்ஏவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பத்திரம் தானே காலாவதியாகும் கோடையைக் குறித்துவைத்தே நகர்ந்தார்கள்.

இப்போது இரண்டு டேப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக்-12இன் ஒப்பந்தம்தான் முன்னதாக முடிகிறது. ஆனாலும் பிக் 12 முந்திக்கொண்டு 2022 அக்டோபரிலேயே ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸோடு புது ஒப்பந்தத்தை முடித்துவிட்டது. பாக்-12 அடுத்த கோடை வரை பேசிக்கொண்டே இருந்தது. 2023 ஜூலை 27 கொலராடோ கிளம்பியது. சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் கூடும் என்ற ஆப்பிள் ஒப்பந்தம் மேசைக்கு வந்தது. ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் போய்விட்டன: ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12க்கு. பேராசை, துரோகம் என்று பேசப்பட்டதை எல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் பாக்-12ஐக் கவிழ்த்தது அந்த ஒன்பது மாதத் தாமதம் என்பதே என் முடிவு.

ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் (பெர்க்லி) இடம் தேடி ஏசிசிக்குப் போயின. மிச்சம் நின்றவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். 1915இல் தொடங்கிய பரம்பரைக்கு இரண்டே வாரிசுகள். அவை இருக்கும் கொர்வாலிஸும் புல்மனும் சின்ன ஊர்கள், டிவி சந்தை சிறியது. அதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் எதுவும் இல்லை. 2024, 2025 சீசன்களுக்கு ஃபில்டர் போட்டு இரண்டே வரி வரும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சேர்த்தது: 2026 சீசனுக்கு பாக்-12இல் ஆறு புது வரி போடுங்கள்: பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட். மொத்தம் எட்டு; மேல்மட்டப் பிரிவில் ஒரு கான்ஃபரன்ஸுக்கு என்சிஏஏ கேட்கும் குறைந்தபட்சமும் அதுதான். கொன்ஸாகா பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டவர்களுக்கு: அவர்களும் சேர்கிறார்கள், ஆனால் அங்கே ஃபுட்பால் அணியே கிடையாது. கூடைப்பந்துக்குத் தனி டேப் போட்டு அதில் வையுங்கள், இந்த ஷீட்டில் கலக்காதீர்கள்.