கேட்காமலே வாங்க வைக்கும் பெட்டி: உள்ளாடை வியாபாரம் தொடங்குவோருக்கு

இலங்கையின் கிழக்கில், கல்முனை பசாரிலோ காத்தான்குடியிலோ ஒரு புடவைக்கடைக்குப் போனால், கவுண்டரில் நிற்பது பெரும்பாலும் ஆண்பிள்ளைதான். "34 பி பிரா இருக்கா, கொட்டன்தானா" என்று அவரிடம் கேட்கக் கூசி, கையில் கிடைத்ததை வாங்கிப் போகும் பெண்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்க நினைப்பதற்கெல்லாம் பெட்டியே பதில் சொல்ல வேண்டும். 1969இல் அமெரிக்காவில் ஹேன்ஸ் கம்பனி தன் லெக்ஸ் காலுறைகளை முட்டை வடிவப் பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, சுப்பர்மார்க்கெட்டில் தனி ஸ்டாண்டில் வைத்தது. யாரையும் கேட்காமல் எடுத்துப் போகலாம் என்பதே அதன் பலம்.

படி 1: அளவு

மோல்டட் கப் (அச்சில் வார்த்த ஸ்பொஞ்ச் கப்) உள்ள பிராவில் ஒரு கப்பைக் குழித்து மற்றதற்குள் திணிக்கவே வேண்டாம். சில வாரம் அப்படிக் கிடந்தால் ஸ்பொஞ்சில் மடிப்பு விழும், சட்டைக்கு மேலாலும் தெரியும். இரண்டு கப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் விற்கும் ஆகப் பெரிய சைஸை மேசையில் பரப்பி அளந்து, நீளத்துக்கும் அகலத்துக்கும் 1 செ.மீ. கூட்டுங்கள். 28 × 15 × 6 வந்தால் பெட்டியின் உள்ளளவு 29 × 16 × 6. உயரத்தைக் கூட்டினால் கப் உள்ளே ஆடி நசியும்.

ஜட்டிக்குப் பெட்டி வீண்செலவு. மூன்றை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் மட்டையின் எடை, கிராமில்) மட்டையில் மடித்துச் சுற்றி, பையில் போட்டால் போதும்.

படி 2: மட்டை

பெட்டிக்கு 350 ஜிஎஸ்எம் போர்ட் எடுங்கள். மடிக்கும் இடமெல்லாம் அச்சகத்தில் கிரீசிங் (மடிப்புக்கோட்டை முன்கூட்டியே அழுத்திவிடுவது) போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் மடித்தால் மேல் மை வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். கறுப்பு, கடும் சிவப்பு பெட்டிகளில் இது இன்னும் அசிங்கமாக இருக்கும். புதியவர்கள் வெளிர் நிறத்தில் தொடங்குவது நல்லது.

படி 3: துணியில் படுவது

அதிகம் பணம் கரைவது இங்கேதான். வெள்ளை பிரா பைக்குள் இருந்தபடியே மஞ்சளாகும், பழி துணிக்குப் போகும். சில பொலித்தீன் பைகளில் பிஎச்டி (BHT) என்ற இரசாயனம் சேர்த்திருப்பார்கள். அது ஆவியாகித் துணியில் ஏறி, வாகனப் புகையில் உள்ள நைதரசன் ஒட்சைட்டுடன் சேர்ந்து மஞ்சள் நிறமாகிறது. வாங்கும்போதே "பிஎச்டி இல்லாத பை" என்று கேட்டு வாங்குங்கள். மண்ணிற மட்டைப்பெட்டியில் துணி நேராகப் பட்டாலும் இதே வினைதான். நடுவில் வெள்ளை டிஷ்யூ தாள் வையுங்கள். நிறத் தாள் அழகுதான், ஆனால் ஈரம் பட்டால் சாயம் லேஸ் துணியில் இறங்கும்.

கார்த்திகை முதல் தை வரை மாரி. மட்டை ஈரத்தைக் குடித்து வளையும். பெட்டிக்கு ஈரம் உறிஞ்சும் 1 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். சரக்கைச் சீமெந்துத் தரையில் வைக்காமல், சுவரில் முட்டாமல் பலகையில் அடுக்குங்கள்.

படி 4: எழுத்தும் படமும்

சைஸைப் பெட்டியின் குறுகிய பக்கத்தில், ராக்கையில் இருந்தபடியே தெரியுமாறு பெரிதாக அச்சிடுங்கள். எண் மட்டும் போதாது, கம்பனிக்குக் கம்பனி மாறும். மார்புக்குக் கீழே சுற்றளவு எத்தனை செ.மீ. என்றும் எழுதுங்கள். வயர் உண்டா, கப் தடிப்பா மெல்லிசா, துணியில் கொட்டன் எத்தனை வீதம், கழுவும் முறை என்ன, எல்லாம் தமிழில் இருக்கட்டும். அம்பாறை நகரக் கடைகளுக்குப் போகும் பெட்டியில் சிங்களமும் வேண்டும்.

மொடல் படத்தை இங்கே பல கடைக்காரர் முன்னால் வைக்க விரும்பமாட்டார்கள். பிராவின் வடிவத்தைக் கோட்டுச் சித்திரமாக வரையுங்கள். 4 செ.மீ. துணித்துண்டு ஒன்றை வெளியே ஒட்டினால் தொட்டுப் பார்க்கலாம். எங்களுக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

படி 5: அச்சகம்

கோப்பு சிஎம்வைகே (அச்சுக்கான நான்கு மை) நிறத்தில், படங்கள் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), வெட்டும்போது வெள்ளை விளிம்பு வராமல் சுற்றிவர 3 மி.மீ. கூடுதல் நிறத்துடன் இருக்க வேண்டும். போனில் அடிக்கும் யூனிகோட் எழுத்தை, பாமினி என்ற பழைய முறை எழுத்துருவுக்கு மாற்றாமல் ஒட்டினால் குப்பையாகத்தான் வரும். எழுத்தை அவுட்லைனாக்கி (எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக்கி)க் கொடுத்து, கொம்பும் புள்ளியும் சரியா என்று தாளில் பாருங்கள். 500 பெட்டி அச்சடிக்குமுன் 10 வெறும் பெட்டி செய்து, சரக்கை வைத்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள்.

படி 6: கூரியர்

வெளிப்பொதி வெறுமையாக இருக்கட்டும். பிராண்ட் பெயரோ படமோ வேண்டாம், பொருள் என்ற இடத்தில் "துணி" போதும். பொதியை வாப்பாவோ தம்பியோ வாங்கி வைத்தாலும் ஓடர் போட்ட பெண்ணுக்குச் சங்கடம் வராது. உள்ளே, ஜட்டிப் பையை ஸ்டிக்கரால் மூடி, "பிரித்தால் மாற்றமாட்டோம்" என்று அதிலேயே எழுதுங்கள். பிராவுக்கு அந்தத் தடை வேண்டாம். அதைப் போட்டுப் பார்க்காமல் சைஸ் தெரியாது. லேபல் கழற்றாமல் 7 நாளுக்குள் மாற்றலாம் என்ற சீட்டை, பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி வையுங்கள்.