வாய்க்கால் கரையில் நடையும் சைக்கிளும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதலில் உங்கள் வாய்க்கால் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். மதுரையில் தெப்பக்குளத்துக்கு வைகைத் தண்ணீரைக் கொண்டுவரும் பனையூர் கால்வாயும், பேரணையில் பிரிந்து கள்ளந்திரி வழியாக மேலூர்ப் பக்கம் போகும் பெரியாறு பிரதானக் கால்வாயும் தண்ணீர் திறப்பைப் பொறுத்தவை. நேற்றுக் காய்ந்து கிடந்தது இன்று இழுத்துக்கொண்டு ஓடும். ஊருக்குள் வரும் கிருதுமால் பேருக்குத்தான் நதி, ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. இப்படிப்பட்ட இடங்களில் ஆகாயத்தாமரை மூடி, புல்தரை மாதிரி ஏமாற்றும். பந்து விழுந்தால் போனது போகட்டும்.

அடுத்து, சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு ஒருநாள் வெளிச்சத்தில் நடந்தே பாருங்கள். தடுப்புச்சுவர் எங்கே முடிகிறது, எந்த சிலாப் உடைந்திருக்கிறது, படிக்கட்டும், தண்ணீரை அடைக்கும் ஷட்டரும் எங்கே என்று மனதில் பதியட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையும் வாய்க்காலும் ஒரே மட்டமாகத் தெரியும். அன்று போகவே வேண்டாம்.

அப்புறம், எந்தக் கரை? எனக்கு இது லேட்டாகத்தான் உறைத்தது. எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கியபோது முன்சக்கரம் விளிம்பு மண்ணில் சறுக்கியது. மின்கம்பத்தைப் பிடித்து நின்றேன். நாம் ஓட்டுவது இடப்பக்கம். தண்ணீரும் இடப்பக்கம் இருந்தால் விளிம்பு நம் தலையில். ஆகவே தண்ணீர் வலக்கைப் பக்கம் இருக்கும் கரையில் போங்கள், பாலம் தாண்டி எதிர்க்கரையில் திரும்புங்கள். அப்போதும் தண்ணீர் வலக்கைப் பக்கம்தான். நடப்பவர்களுக்கு நேர்மாறு: எதிரே வரும் வண்டி தெரிய வலப்பக்கம் நடக்க வேண்டும் என்பதால், தண்ணீர் இடக்கைப் பக்கம் இருப்பது நல்லது. பாதை குறுகினாலோ எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசினாலோ இறங்கித் தள்ளுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள்.

சரி, விழுந்துவிட்டால்? ஆழத்தைவிடச் சிமெண்ட் சரிவில் படிந்த பாசிதான் எமன். நீச்சல் தெரிந்தவராலும் ஏற முடியாது. இழுப்பை எதிர்த்து நீந்தாமல், மல்லாந்து, கால் முன்னே போகும்படி மிதந்து, ஷட்டருக்கு முன்னால் ஒரு படிக்கட்டையோ கரையோரச் செடியையோ பிடிக்கப் பாருங்கள்.

வேறொருவர் விழுந்தால் குதிக்காதீர்கள். கரையில் குப்புறப் படுத்துத் துண்டையோ வேட்டியையோ வீசுங்கள், மூடிய காலி கேன் கிடைத்தால் அதையும். உங்களையே இழுத்தால் விட்டுவிடுங்கள். கூடவே ஒருவர் 112-க்கோ தீயணைப்புக்கு 101-க்கோ போன் போடட்டும். 'வாய்க்கால் பக்கம்' என்றால் எந்த வாய்க்கால் என்று தேடுவார்கள். பக்கத்துப் பாலத்தின் பேரைச் சொல்லுங்கள்.