லண்டன் – பாரிஸ்: 344 கிலோமீட்டரை நம்பிப் புறப்படாதீர்கள்

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 344 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் 26 நிமிடம் வரும். ஆனால் டிக்கெட்டில் 1 மணி 20 நிமிடம் என்று இருக்கும். இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?

இவ்வளவு குறுகிய தடத்தில் விமானம் முழு வேகத்தில் பறப்பது நடுவில் கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் ஏறுவதும் இறங்குவதும். அதோடு, டிக்கெட்டில் போடும் நேரம் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததும் தொடங்கி, அந்தப் பக்கம் போய் நிற்கும்வரை ஓடுகிறது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் காத்திருப்பதும், பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கியபின் முனையம்வரை ஊர்வதும் அதற்குள் அடக்கம்.

தூரத்தைப் பார்க்கும்போது அலகையும் பாருங்கள். அதே 344 கிலோமீட்டர் சாதாரண மைலில் 214, விமானிகள் சொல்லும் கடல் மைலில் 186. சாலை வழியாகப் போனால் 450 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நடுவே இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனிலிருந்து பிரான்ஸின் கலே வரை காரை ரயிலில் ஏற்றிக் கடலடிச் சுரங்கம் வழியாகப் போக 35 நிமிடம். கலேயில் இறங்கியதும் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அங்கே வேகப் பலகையில் 130 என்றால் அது கிலோமீட்டர், மைல் அல்ல.

அதிகம் பேர் சறுக்குவது கடிகாரத்தில். பாரிஸ் எப்போதும் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். கோடை நேர மாற்றமும் இரண்டு ஊரிலும் ஒரே கணத்தில் நடப்பதால் இந்த இடைவெளி மாறாது. லண்டனில் காலை 10:00க்குப் புறப்பட்டு 12:20க்குச் சேரும் என்றால் பயணம் 2 மணி 20 நிமிடம் அல்ல, 1 மணி 20 நிமிடம்தான். திரும்பும்போது 10:00க்குக் கிளம்பி 10:20க்குச் சேரும் என்று இருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிடாமல் விடுவதுதான் பெரிய தவறு. கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமிலிருந்து பாரிஸின் லா ஷாப்பெல் போகிறவரை எடுத்துக்கொள்வோம். ஹீத்ரோ சேர ஒன்றரை மணி நேரம், அங்கே முன்கூட்டியே இருக்க வேண்டிய 2 மணி நேரம், விமானம் 1:20, பாஸ்போர்ட் வரிசை அரை மணி, ஆர்.இ.ஆர். பி ரயில் அரை மணிக்கு மேல். எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரம் தொட்டுவிடும்.

அவரே லண்டன் – பாரிஸ் அதிவேக ரயிலான யூரோஸ்டாரில் போனால்? ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயில் மாறாமல், யூரோஸ்டார் புறப்படும் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் கொண்டுவிடும். ஒன்றேகால் மணி முன்னால் போனால் போதும். பயணம் 2 மணி 20 நிமிடம் அளவில். பிரெஞ்சு குடிவரவுச் சோதனை செயின்ட் பாங்க்ரஸிலேயே முடிவதால் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நேராக வெளியே வரலாம். அங்கிருந்து லா ஷாப்பெல் கடைகளுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் வீடு ஹவுன்ஸ்லோ, ஹேய்ஸ் பக்கம் என்றால் ஹீத்ரோ கைக்கெட்டும் தூரம். இரண்டையும் கூட்டிப் பார்த்தபிறகு முடிவெடுங்கள்.

டிக்கெட் எடுக்குமுன் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். பிரிட்டனில் வதிவிட உரிமை இருந்தாலும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் பிரான்ஸ் போக ஷெங்கன் விசா வேண்டும். பிரான்ஸ் வதிவிட அட்டையும் லண்டன் வருவதற்கான விசா ஆகாது. பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர்களும் 2025 ஏப்ரல் 2 முதல் இ.டி.ஏ. என்னும் மின்னணு அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.