பண்டிகை விருந்துக்கு ஷார்க்யூட்டரி பலகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று வரும் தாங்க்ஸ்கிவிங் நாளிலிருந்து புத்தாண்டு வரை, விருந்தினரை அழைக்கும் வீடுகளில் இரவு உணவுக்கு முன்னால் ஒரு பெரிய மரப்பலகையைக் கூடத்து மேசையில் வைப்பது வழக்கமாகிவிட்டது. உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி, சீஸ், ரொட்டி, பிஸ்கட், பழம், ஊறுகாய் ஆகியவற்றை அதில் பரப்பி வைத்தால், வந்தவர்கள் நின்று பேசிக்கொண்டே எடுத்துச் சாப்பிடுவார்கள். பிரெஞ்சுப் பெயரால் ஷார்க்யூட்டரி பலகை என்று அழைக்கப்படும் இதற்குப் பிரான்சும் இத்தாலியும் ஸ்பெயினும் தத்தம் இறைச்சி வகைகளையும் சீஸ் வகைகளையும் தந்திருக்கின்றன.

அடுப்பு மூட்டும் வேலையே அநேகமாக இல்லாததால் இதை எளிதென்று பலரும் எண்ணுகிறார்கள். குழம்பில் உப்போ புளியோ பிசகினால் கொதிக்கும்போதே சரிசெய்துவிடலாம். இங்கே வாங்குவதிலோ வெட்டுவதிலோ வெளியே எடுத்து வைக்கும் நேரத்திலோ பிசகினால் பிறகு திருத்துவதற்கு வழி குறைவு. பெரும்பாலான தவறுகள், படங்களைப் பார்த்து அதேபோல் பலகையை அமைக்க முயல்வதால் நேர்பவை என்பது என் கருத்து. யார் சாப்பிடப் போகிறார்கள், எவ்வளவு நேரம் அது வெளியே இருக்கப் போகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் படம் பதில் சொல்வதில்லை.

ஒரே சுவையை மூன்று முறை வாங்குவது

கடையில் நிற்கும்போது சலாமியில் ஒன்று, மிளகு போட்ட சலாமியில் ஒன்று, பூண்டு மணக்கும் சலாமியில் ஒன்று என்று வாங்கிவிட்டு, மூன்று வகை இறைச்சி வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வது மிகப் பரவலான தவறு. இறைச்சி வகைகளைப் பெயரைக் கொண்டு பிரிக்காமல் செய்முறையைக் கொண்டு பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. பன்றித் தொடையை முழுதாக உப்பிட்டு மாதக்கணக்கில் காற்றில் உலரவைப்பது ஒரு வகை. இத்தாலியின் பார்மா வட்டாரத்து ப்ரொஷூட்டோவும் ஸ்பெயினின் ஹமோனும் இதைச் சேர்ந்தவை. கொத்திய இறைச்சியையும் கொழுப்பையும் உறையில் அடைத்துப் புளிக்கவைத்து உலர்த்துவது இன்னொரு வகை. சலாமியும், மிளகாய்த்தூளால் சிவந்த ஸ்பானியச் சொரீத்ஸோவும் இதில் அடங்கும். மூன்றாவது, போலோக்னா நகரத்து மோர்ட்டடெல்லாவைப் போல வேகவைக்கப்பட்டது. நான்காவது, ரொட்டியில் தடவிச் சாப்பிடும் இறைச்சி விழுதுகளான பதே, ரியெத் ஆகியவை. வகைக்கு ஒன்றாக மூன்று வாங்கினாலே பத்துப் பேருக்குப் போதுமான வேறுபாடு கிடைத்துவிடும்.

சீஸுக்கும் இதே கணக்குத்தான். மென்மையான ப்ரீ அல்லது கமம்பேர், கெட்டியான செடார் அல்லது முதிர்ந்த கௌடா, நீலப் பூஞ்சை ஓடிய ஒன்று என மூன்று போதும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் என்றால் நீலச் சீஸ் பெரும்பாலும் ஸ்டில்டனாகத்தான் இருக்கும்; அதனுடன் இனிப்பான போர்ட் வைனைப் பரிமாறுவது அங்கே பழைய மரபு. மூன்றும் பசும்பாலில் செய்தவையாக இல்லாமல் ஒன்று ஆட்டுப்பாலிலோ, ஸ்பெயினின் மன்செகோவைப் போலச் செம்மறியாட்டுப் பாலிலோ செய்ததாக இருந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இவற்றைவிடப் பெரிய தவறு உப்பின் மேல் உப்பை அடுக்குவது. இறைச்சி உப்பால் பதப்பட்டது. சீஸிலும் உப்பு உண்டு. ஆலிவ் உப்புநீரில் ஊறியது. இவற்றுக்கு நடுவே உப்பிட்ட பாதாமையும் உப்புத் தூவிய பிஸ்கட்டையும் வைத்தால், விருந்தினர் பத்து நிமிடத்தில் தண்ணீர் தேடுவார்கள், அதன் பிறகு வரும் முக்கிய உணவின் நுட்பமான சுவை அவர்கள் நாக்குக்கு எட்டாது. கொழுப்பையும் உப்பையும் வெட்டுவதற்குப் புளிப்பும் இனிப்பும் வேண்டும் என்பதால்தான் காடியில் ஊறிய சிறு வெள்ளரி, கடுகு விழுது, அத்திப்பழ ஜாம், திராட்சை, பேரிக்காய் ஆகியவை பலகையில் இடம்பெறுகின்றன. பலர் இவற்றை வெற்று அலங்காரமாகக் கருதி, இடம் மிஞ்சினால் வைக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஊறுகாய் இல்லாத தயிர்சாதம் எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்தால் இதன் அருமை நமக்குப் புரியும். ரொட்டி உப்புக் குறைந்த பகெத்தாகவும் (நீண்ட பிரெஞ்சு ரொட்டி), பாதாம் போன்ற பருப்பு வகைகள் உப்பின்றி வறுத்தவையாகவும் இருக்கட்டும்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் இரவு உணவு உண்டென்றால் தலைக்கு 60 கிராம் இறைச்சியும் 60 கிராம் சீஸும் என்பது பொதுவான கணக்கு. எட்டுப் பேருக்கு இரண்டிலும் அரைக் கிலோ வாங்கினால் போதும். பலகையே இரவு உணவு என்றால் இதை இரட்டிப்பாக்கலாம். வான்கோழி வேறு அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் வீட்டில் ஒன்றரைக் கிலோ சீஸ் வாங்கிக் குவிப்பது வீண்செலவு.

நேரமும் குளிரும்

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே பரிமாறுவது ஒரு தவறு என்றால், மாலை நான்கு மணிக்குப் பலகையை வைத்துவிட்டு இரவு பத்து மணி வரை அப்படியே விடுவது அதைவிடப் பெரிய தவறு. முதலாவது சுவையைக் கெடுக்கும்; இரண்டாவது உடலைக் கெடுக்கும். குளிரில் கொழுப்பு இறுகியிருப்பதால் சீஸின் மணம் வெளிவராது, ப்ரொஷூட்டோ மெழுகுபோல் நாக்கில் ஒட்டும். ஆகவே சீஸை அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவும், மெல்லச் சீவிய இறைச்சியைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகவும் வெளியே எடுக்க வேண்டும்.

விரைவில் கெடும் உணவுகள் 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். பலர் மறந்துவிடுவது என்னவென்றால், இந்த இரண்டு மணி நேரம் விருந்தினர் வந்த பிறகு தொடங்குவதில்லை, பெட்டியிலிருந்து எடுத்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. அடுக்குவதற்கு முக்கால் மணி, தாமதமாக வரும் உறவினருக்காக முக்கால் மணி என்று போனால் சாப்பிடுவதற்கு அரைமணிதான் மிஞ்சும்.

எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. ஈரம் போக உலர்ந்து, புளித்து, உப்பேறிய முழுச் சலாமியில் நுண்ணுயிர்கள் பெருகுவது கடினம். செடார், பார்மஜானோ போன்ற கெட்டிச் சீஸ்களும் ஓரளவு தாங்கும். வேகவைத்த ஹாம், மோர்ட்டடெல்லா, பதே, புதிய மொட்சரெல்லா ஆகியவற்றில் ஈரம் மிகுதி என்பதால் கவலையும் இவற்றைப் பற்றித்தான். பண்டிகைக் காலத்தில் கணப்புக்கு அருகில் பலகையை வைப்பதும், நெய்போல் உருக அடுப்பில் சுட்ட ப்ரீயைச் சூடாக நடுவில் வைத்து அதைச் சுற்றி இறைச்சியை அடுக்குவதும் நிலைமையை மோசமாக்கும். சுட்ட ப்ரீக்குத் தனித் தட்டு வேண்டும்.

இதற்கு எளிய தீர்வு, பெரிய பலகை ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய பலகைகள் இரண்டைத் தயாரித்து, ஒன்றைக் குளிரில் வைத்திருந்து, முதலாவது காலியானதும் வெளியே கொண்டுவருவது. அரைகுறையாகக் காலியான பலகையின் மேலேயே புதிய இறைச்சியைக் கொட்டினால், பழையது எது, புதியது எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். கனடா போன்ற இடங்களில் வெளியே பனி கொட்டுவதைக் கண்டு இரண்டாவது பலகையைப் பின்வாசலில் வைக்கும் ஆசை வரலாம். வெயில் பட்டால் அங்கும் வெப்பம் ஏறும், அணிலும் ரக்கூனும் அழைக்காமலே வரும்.

யார் சாப்பிடப் போகிறார்கள்

இந்தப் பலகையின் இயல்பே பன்றி இறைச்சியைச் சார்ந்தது என்பதால், கலவையான கூட்டத்தை அழைப்பவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இஸ்லாமிய நண்பருக்காகப் பன்றியை விலக்கிவிட்டு, இத்தாலியின் லொம்பார்தியில் மாட்டிறைச்சியில் செய்யப்படும் பிரெசோலாவை வாங்குவோர் உண்டு. அது ஹலாலாக அறுக்கப்பட்டதா என்ற கேள்வி அப்படியே நிற்க, அதே மேசையில் இருக்கும் மாட்டிறைச்சி உண்ணாத இந்துவுக்கும் அது ஆகாமல் போகிறது. கோழி, வான்கோழி சாசேஜ்களிலும் சிலவற்றின் உறை பன்றிக் குடலாக இருப்பதுண்டு. இத்தாலியச் சலாமிகள் பலவற்றில் வைன் சேர்க்கப்படுகிறது. யூத உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவர்கள் இறைச்சியையும் பால்பொருளையும் ஒன்றாக உண்பதில்லை என்பதால், யூதப் பண்டிகையான ஹனுக்காவுக்கு அழைக்கும் வீட்டில் இறைச்சியையும் சீஸையும் ஒரே பலகையில் வைக்கும் இந்த அமைப்பே பொருந்தாது.

டொராண்டோவிலோ லண்டனிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிறிஸ்துமஸ் மார்கழியில் வருகிறது. அம்மாதம் புலால் தவிர்ப்பவர்களும், சபரிமலைக்கு மாலை அணிந்து விரதம் இருப்பவர்களும் விருந்தினரிடையே இருக்கக்கூடும். பலகையின் ஓரத்தில் சைவப் பகுதி என்று ஒதுக்கிவிட்டு அதே இடுக்கியை எல்லாவற்றுக்கும் போட்டு வைத்தால் அவர்கள் கை வைக்கமாட்டார்கள், அதில் தவறும் இல்லை. சைவத்துக்குத் தனிப் பலகையும் தனிக் கத்தியும் வைத்து, மேசையின் மறுகோடியில் வைப்பதே மரியாதை. அந்தப் பலகைக்கான சீஸை வாங்கும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் படிக்க வேண்டும்: பாலைத் திரிக்கப் பயன்படும் ரெனட் பல மரபுச் சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. பார்மஜானோ ரெஜ்ஜானோவுக்கு விதிப்படியே கன்று ரெனட்தான். சைவ ரெனட் என்று குறிப்பிட்டுள்ள வேறு சீஸ்கள் எளிதில் கிடைக்கின்றன.

கர்ப்பிணிகளைப் பற்றிய கவனம் இன்னும் அவசியமானது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது, கருவுக்குப் பெருந்தீங்கு செய்யவல்லது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, ப்ரீ, கமம்பேர் போன்ற வெண்பூஞ்சைச் சீஸ்களையும் மென்மையான நீலச் சீஸ்களையும் சமைக்காத நிலையிலும், எல்லா வகைப் பதேயையும் முற்றிலுமாகவும் தவிர்க்கும்படி கர்ப்பிணிகளுக்கு அறிவுறுத்துகிறது. செடார், பழம், பருப்பு, நன்றாகச் சூடாக்கிய இறைச்சி ஆகியவற்றைத் தனித்தட்டில் கொடுத்தால் அவரும் நிம்மதியாக உண்பார்.

குழந்தைகள் ஓடித் திரியும் வீட்டில், முழுத் திராட்சையும் முழுப் பருப்புகளும் தொண்டையில் அடைக்கும் அபாயம் உள்ளவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பருப்பு கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த அளவிலும் கூடாது. பருப்பு ஒவ்வாமை உள்ளவர் இருந்தால், மோர்ட்டடெல்லாவுக்குள் பெரும்பாலும் பிஸ்தா பதிந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அருகில் சிறு அட்டையில் பெயர் எழுதி வைப்பது பல கேள்விகளைத் தவிர்க்கும்.

அலங்காரமும் அடுக்கலும்

பண்டிகைக் களை வேண்டுமென்று கிறிஸ்துமஸ் அலங்காரச் செடிகளான ஹாலியின் இலையையும் அதன் சிவந்த பழங்களையும், மிசில்டோக் கொத்தையும் பலகையில் செருகுவது பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் ஆபத்தானது. ஹாலிப் பழம் கிரான்பெரியைப் போலவே தோன்றும். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மிசில்டோவும் நஞ்சுள்ளதே. வேலியோரம் வளரும் யூ மரத்தின் கிளை இவை எல்லாவற்றையும்விடக் கொடிய நஞ்சு. உணவுப் பலகையில் வைக்கும் எதுவும் உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற ஒரே விதியில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ரோஸ்மேரிக் கிளைகளை வளையமாக வளைத்து, மாதுளை முத்துகளையும் கிரான்பெரியையும் தூவினாலே பச்சையும் சிவப்பும் வந்துவிடும். பூக்கடைப் பூக்களில் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும் என்பதால் அவையும் வேண்டாம்.

வைன் கோப்பையின் விளிம்பில் சலாமியை மடித்து மடித்து ரோஜா செய்யும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. ஒன்று செய்யலாம், ஆறு செய்தால் இறைச்சி கைச்சூட்டில் நெடுநேரம் புரளும், உடைத்து எடுக்கவும் விருந்தினர் தயங்குவார்கள். ப்ரொஷூட்டோவைத் தளர்வாக மடித்து வைத்தாலே எடுக்கச் சுலபம். சலாமியின் மேல் உறையை உரிக்காமல் சீவுவதும், தடித்த துண்டுகளாக வெட்டுவதும் மெல்லுவோருக்குத் தொல்லை.

அடுக்கும்போது ஈரமானவற்றுக்கு முதலில் சிறு கிண்ணங்களை வைத்துவிட வேண்டும். ஆலிவ் எண்ணெயோ ஜாமோ வழிந்து பிஸ்கட்டைத் தொட்டால் அது நமத்துவிடும். பிறகு சீஸ், அதன் பின் இறைச்சி, இறுதியாகப் பழமும் பருப்பும் என்று வரிசை. பிஸ்கட்டை விருந்தினர் வாசலில் நிற்கும்போது வைத்தால் போதும். ஆப்பிளையும் பேரிக்காயையும் வெட்டியதும் எலுமிச்சைநீரில் நனைத்தால் கறுக்காது. நீலச் சீஸுக்குத் தனிக் கத்தி கட்டாயம். எல்லாச் சீஸையும் காலையிலேயே கட்டம் கட்டமாக வெட்டி வைத்தால் ஓரம் காய்ந்து வியர்த்துப்போகும். கெட்டிச் சீஸில் பாதியை மட்டும் துண்டாக்கிவிட்டு மீதியை முழுதாக விடுவதே நல்லது.

விருந்து முடிந்ததும் மிச்சத்தையெல்லாம் அள்ளி ஒரே டப்பாவில் போடுவது கடைசித் தவறு. இரண்டு மணி நேரம் கடந்த மென்சீஸ், வெந்த இறைச்சி, பதே, சீவிய இறைச்சி ஆகியவற்றை எறிந்துவிட வேண்டும். கெட்டிச் சீஸை மெழுகுத்தாளில் சுற்றி வைக்கலாம். மரப்பலகையை ஊறப்போடாமல் சோப்புநீரில் துடைத்துக் கழுவி நிமிர்த்தி உலரவிட்டு, உணவுத் தரமுள்ள மினரல் எண்ணெயைத் தடவ வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று நல்லெண்ணெயையோ சூரியகாந்தி எண்ணெயையோ தடவினால், அடுத்த விருந்துக்குப் பலகையை எடுக்கும்போது சிக்கு நாற்றம் அடிக்கும்.