அமெரிக்காவில் பேபி ரெஜிஸ்ட்ரி: எந்தக் கடையில் தொடங்குவது?

அமெரிக்காவில் முதல் குழந்தைக்குக் காத்திருக்கும் நம் வீடுகளில் ஐந்தாம் மாதம் தாண்டியதுமே ஒரு கேள்வி வரும்: "ரெஜிஸ்ட்ரி லிங்க் இருக்கா?" அலுவலகத் தோழி கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், வளைகாப்புக்கு வரப்போகிற நண்பர்களும் கேட்பார்கள். குழந்தைக்கு வேண்டியதை ஒரு இணையதளத்தில் பட்டியலாகப் போட்டு வைக்கிறீர்கள். பரிசு தர நினைப்பவர் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து வாங்குகிறார். வாங்கியாயிற்று என்று பட்டியலில் தெரிந்துவிடுவதால் அடுத்தவர் அதையே வாங்க மாட்டார். ரெஜிஸ்ட்ரி என்பது இவ்வளவுதான். தொடங்கக் கட்டணம் கிடையாது.

பட்டியலில் என்ன போடலாம் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். எந்தக் கடையில் போடுவது என்பதைத்தான் பலர் அவசரத்தில் முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் இலவசப் பெட்டி தருகிற கடையாகப் பார்த்துத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியில் ஒரு பாட்டில், இரண்டு டயப்பர், கொஞ்சம் கூப்பன் இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். யார் வாங்கித் தரப்போகிறார்கள், வந்ததைப் பிறகு மாற்ற முடியுமா என்ற இரண்டும்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: வாங்கப்போகிறவர்களை எழுதுங்கள்

ஒரு தாளில் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், எப்படி வாங்குவார் என்று குறியுங்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்களுக்கு டெக்ஸஸிலும் கலிஃபோர்னியாவிலும்தான் நண்பர்கள் அதிகம் என்றால், இணையத்தில் எளிதாக வாங்கி நேராக உங்கள் வீட்டுக்கு அனுப்பக்கூடிய இடம் வேண்டும். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், கையில் பரிசோடு வளைகாப்புக்கு வருவார்கள் என்றால், பக்கத்தில் கடை இருக்கிற நிறுவனம் வசதி.

ஊரில் இருக்கும் சொந்தங்களைத் தனியாக யோசிக்க வேண்டும். பணம் அனுப்பும் செயலிகளான வென்மோ, ஸெல் இரண்டுக்கும் அமெரிக்க வங்கிக் கணக்கு தேவை. சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கு அவை உதவாது. அவருடைய கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியிருக்கவும் வாய்ப்பு அதிகம். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாக வழங்கும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளில் தேய்க்கவும் மட்டுமே திறந்திருக்கும். மற்றதை வங்கிச் செயலியில் நாமே இயக்க வேண்டும். பெரியம்மா, அத்தை எல்லாம் எப்படியும் தங்கமாகவோ பணமாகவோதான் தருவார்கள். அவர்களைக் கணக்கில் வைத்துக் கடை தேட வேண்டாம். ஆனால், வெளிநாட்டிலிருந்து வாங்கித்தான் ஆவேன் என்று நிற்கிற தம்பி இருந்தால், அவர் கார்டை ஏற்கும் தளமா என்று முதலில் பாருங்கள்.

படி 2: ரிட்டர்ன் விதியைப் படியுங்கள்

இதில் நேரம் செலவழியுங்கள். ஏழாம் மாதத்தில் வந்த பரிசு பிரிக்கப்படுவது பல நேரம் குழந்தை பிறந்து மூன்று, நான்கு மாதம் கழித்துத்தான். அதற்குள் குழந்தை அந்த அளவு டயப்பரைத் தாண்டியிருக்கும். கோடையில் போட வேண்டிய சட்டை குளிர்காலத்தில் சரியான அளவாகி நிற்கும். அந்தப் பாட்டில் நிப்பிளைக் குழந்தை வாயில் வைக்கவே மறுக்கும். சாதாரண 30 நாள், 90 நாள் விதி இருந்தால் எல்லாம் அலமாரியிலேயே தங்கிவிடும்.

அமேசான் பேபி ரெஜிஸ்ட்ரியில் வாங்கிய பெரும்பாலான பொருட்களை 365 நாளுக்குள் திருப்பலாம். டார்கெட்டிலும் ரெஜிஸ்ட்ரிப் பொருட்களுக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. பட்டியலில் நீங்கள் குறித்த தேதியிலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள், அதனால் பிரசவத் தேதியைச் சரியாகப் போடுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அமேசானில் வேறு வியாபாரிகள் விற்கும் பொருட்களும் கலந்திருக்கும், அவற்றுக்கு விதி மாறலாம். பட்டியலில் சேர்க்கும்போதே "விற்பவர்" என்ற இடத்தில் அமேசான் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்தால் பின்னால் தொல்லை இல்லை. இந்த விதிகளைக் கடைகள் அவ்வப்போது மாற்றுகின்றன, நீங்கள் தொடங்கும் நாளில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 3: கடைகளை ஒப்பிடுங்கள்

அமேசான் நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பழக்கமானது. நண்பர்களிடம் ஏற்கெனவே கணக்கு இருக்கும், முகவரியை அவர்கள் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பல மாநிலங்களில் சிதறிய நட்பு வட்டத்துக்கு இதுவே நல்லது.

டார்கெட்டுக்கு நாடு முழுவதும் 1900-க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டியை, தள்ளிப் பார்த்து, மடக்கிப் பார்த்து வாங்க நினைப்பவர்களுக்கு ஏற்றது. பிறந்த குழந்தையோடு இருக்கும்போது ஒரு பொருளை மாற்ற, மறுபடி பெட்டி கட்டி ஒட்டாமல் நேராகக் கடையில் கொடுப்பது பெரிய நிம்மதி. சின்ன ஊரில் இருக்கிறீர்கள், பக்கத்தில் வால்மார்ட் மட்டும்தான் என்றால் அதிலும் பேபி ரெஜிஸ்ட்ரி உண்டு.

பேபிலிஸ்ட் வேறு வகை. அமேசானில் மென்பொருள் பொறியாளராக இருந்த நடாலி கோர்டன் என்பவர், தான் கருவுற்றிருந்த காலத்தில், 2011-ல் தொடங்கியது. எந்தக் கடையின் பொருளையும் ஒரே பட்டியலில் சேர்க்கலாம். பணமாகச் சேர்க்க ஒரு வரி, உதவியாகக் கேட்க ஒரு வரி என்றும் போடலாம். "ஒரு வாரம் இரவுச் சாப்பாடு" என்று ஒரு வரி போட்டால், பிரசவம் முடிந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. ரசம், பூண்டுக் குழம்பு என்று தோழிகள் முறை வைத்துக் கொண்டுவருவார்கள். இதில் ஒரு சிக்கலும் உண்டு. வேறு கடைக்குப் போய் வாங்குகிறவர் திரும்பி வந்து "வாங்கிவிட்டேன்" என்று குறிக்க வேண்டும். மறந்தால் அதே பொருள் இரண்டு வந்து சேரும். ரிட்டர்னும் அந்தந்தக் கடையின் விதிப்படிதான், ரசீது வேறு கேட்பார்கள். இணையத்தில் பழகிய நண்பர்கள் என்றால் பேபிலிஸ்ட், மூத்தவர்கள் அதிகம் என்றால் ஒரே கடை என்பது என் பரிந்துரை.

கடை நிலைத்து நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. குழந்தைப் பொருட்கள் விற்ற பேபீஸ் ஆர் அஸ்ஸின் தாய் நிறுவனம் 2017-ல் திவாலாகி, 2018-ல் அமெரிக்கக் கடைகளை மூடியது. அதே மாதிரிக் கடையான பைபை பேபியின் தாய் நிறுவனமான பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023 ஏப்ரலில் திவாலானது, அந்தக் கடைகளும் மூடப்பட்டன. அப்போது பட்டியல் வைத்திருந்த பெற்றோர் பிரசவத்துக்கு முன் புது இடம் தேட வேண்டி வந்தது. பேபீஸ் ஆர் அஸ் இப்போது கோல்ஸ் என்ற பல்பொருள் கடைகளுக்குள் திரும்பி வந்திருக்கிறது. அங்கே தொடங்குவதில் தவறில்லை. எந்தக் கடையானாலும் பட்டியலின் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மிச்சத்தை நீங்கள் வாங்கும்போது கிடைக்கும் தள்ளுபடி

யாரும் வாங்காமல் பட்டியலில் மிஞ்சியதை நாமே வாங்கும்போது கடை ஒரு தள்ளுபடி தரும். டார்கெட்டில் 15 சதவீதம், அமேசானில் பிரைம் என்ற கட்டணச் சந்தா வைத்திருப்பவர்களுக்கு 15 சதவீதம், பேபிலிஸ்ட்டில் அவர்களுடைய சொந்தக் கடைப் பொருட்களுக்கு மட்டும் 15 சதவீதம். 400 டாலர் ஸ்ட்ரோலரில் 60 டாலர் மிச்சம் என்றால் இலவசப் பெட்டியைவிட எவ்வளவோ மேல். எந்தப் பொருளுக்குச் செல்லும், எத்தனை முறை பயன்படுத்தலாம், பிரசவத் தேதிக்கு எத்தனை வாரம் முன்பு திறக்கும் என்று பார்த்து வையுங்கள்.

கார் சீட், ஸ்ட்ரோலர் மாதிரி விலை கூடியவற்றில் பலர் சேர்ந்து பணம் போடும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். சேரும் பணம் காசாக உங்களுக்கு வருமா, அந்தக் கடையிலேயே செலவழிக்க வேண்டிய தொகையாக நிற்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

எந்தக் கடையானாலும் மார்பகப் பால் பம்ப்பைப் பட்டியலில் போட வேண்டாம். ஒபாமா காலத்துச் சட்டப்படி பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் அதை இலவசமாகத் தருகின்றன, காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பருத்திச் சட்டை, துண்டுத் துணி, குளியல் எண்ணெய் எல்லாம் அம்மா ஊரிலிருந்து பெட்டி நிறையக் கொண்டுவருவார். ஆனால் கார் சீட்டை மட்டும் அங்கிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் தரச் சான்று ஒட்டியதுதான் இங்கே செல்லும்.

படி 5: யார் பார்க்கலாம், எங்கே வர வேண்டும்

"பிறக்கும் முன்னே சாமான் வாங்கி அடுக்கக் கூடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் மனம் நோகாமலும் ரெஜிஸ்ட்ரி வைக்கலாம். அமேசானில் பட்டியலை எல்லாரும் தேடிப் பார்க்கும்படியோ, லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கும்படியோ, நீங்கள் மட்டுமே பார்க்கும்படியோ வைக்கலாம். நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வந்த பெட்டிகளைப் பிரிக்காமல் தோழி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தோழி வீட்டு முகவரியையே கொடுத்துவிட்டால் இன்னும் சுலபம். அபார்ட்மென்ட் வாசலில் பெட்டி காணாமல் போகும் இடங்களிலும் இது நல்ல வழி. குழந்தைக்காகப் பெரிய வீட்டுக்கு மாறப்போகிறீர்கள் என்றால், மாறும் நாளன்றே முகவரியைத் திருத்திவிடுங்கள்.

லிங்க்கை வளைகாப்பு அழைப்பிதழில் அச்சடிக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. கேட்கிறவர்களுக்கு மட்டும் வாட்ஸப்பில் அனுப்பலாம். அதையும் தங்கையோ நெருங்கிய தோழியோ அனுப்பினால் கூச்சமும் இருக்காது.

படி 6: ஒன்றைத் தொடங்கி, சோதித்துப் பாருங்கள்

இரண்டு, மூன்று இடத்தில் பட்டியல் வைக்காதீர்கள். ஒன்றில் வாங்கியது மற்றொன்றில் தெரியாது, ஒரே பொருள் இருமுறை வரும். வளைகாப்பு ஏழாம் மாதம் என்றால் ஆறாம் மாதத்துக்குள் பட்டியல் தயாராக இருக்கட்டும். 20 டாலருக்கும் கீழே நிறையப் பொருட்கள் இருக்கட்டும், படிக்க வந்திருக்கும் மாணவ நண்பர்களும் தயங்காமல் வாங்குவார்கள்.

எல்லாருக்கும் அனுப்பும் முன், ஒரு தோழியிடம் லிங்க்கைக் கொடுத்து அவர் கைபேசியில் திறந்து ஒரு ஈரத்துடைப்புப் பாக்கெட் வாங்கச் சொல்லுங்கள். முகவரி தானாக வருகிறதா, பட்டியலில் "வாங்கப்பட்டது" என்று மாறுகிறதா, பெட்டி சரியான வாசலுக்கு வருகிறதா, யார் அனுப்பியது என்ற பெயர் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக வந்ததும் லிங்க்கை மற்றவர்களுக்கு அனுப்பலாம்.