பிரெஞ்சில் 'இந்த' எழுதும்போது கை வழுக்கும் இடங்கள்

போன சனிக்கிழமை, அஸ்தம்பட்டியில் என் வீட்டு வகுப்புக்கு வரும் பிளஸ் ஒன் மாணவி, ஏற்காடு போய்வந்ததைப் பிரெஞ்சில் எழுதி வாசித்துக் காட்டினாள். காதுக்கு ஒரு பிசிறும் தட்டவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தால், 'இந்த ஆரஞ்சு' என்ற இடத்தில் பிளஸ் டூவில் நான் செய்த அதே பிழை.

ஆண்பாலுக்கு 'ஸு', பெண்பாலுக்கு 'ஸெத்', இருபால் பன்மைக்கும் 'ஸே'. இதை எல்லாரும் முதல் வாரத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

மூன்றெழுத்து ஸெத், ஐந்தெழுத்து ஸெத்

ஆண்பால் சொல்லாக இருந்தாலும், உயிரொலியில் தொடங்கினால் 'ஸு' போய் 'ஸெத்' வரும். ஆரஞ்சு மரம் ஆண்பால்: 'ஸெத் ஒராஞ்ஜே'. எழுத்தில் இந்த ஸெத்துக்கு மூன்றே எழுத்து. ஆரஞ்சுப் பழம் பெண்பால்: 'ஸெத் ஒராஞ்ஜ்'. இதற்கு ஐந்தெழுத்து, நடுவில் இரட்டை 'தே'. ஒலியில் இரண்டும் ஒன்றே. எஸ்டேட் பாதையில் நிற்கும் மரத்துக்கு மூன்று, அதில் தொங்கும் பழத்துக்கு ஐந்து.

'உயிர் வந்தால் மூன்றெழுத்து' என்று அரை விதியைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. போதாக்குறைக்கு, 'என்' என்பதற்குப் பெண்பாலில் வரும் 'மா' உயிருக்கு முன் 'மோன்' ஆகிவிடும்; 'என் பள்ளி' என்றால் 'மோன் எகோல்'. அந்தப் பழக்கம் இங்கேயும் கையை இழுக்கும். 'இந்த', 'அந்த' விஷயத்தில் பெண்பால் மாறவே மாறாது. இது தெரியாமல் ஒரே கட்டுரையில் ஆறு இடத்தில் தப்பாக எழுதினேன். முணுமுணுத்துப் படித்தே சரிபார்த்ததால் ஒன்றுகூடச் சிக்கவில்லை. நூறு வரும் என்றிருந்த தாளில் தொண்ணூற்றொன்று.

இப்போது பிள்ளைகளிடம் நான் சொல்வது: எழுதுமுன் 'ஒரு' சேர்த்துச் சொல்லிப் பார். 'அன்' வந்தால் மூன்று, 'யூன்' வந்தால் ஐந்து. ஸெத் மறைப்பதை யூன் காட்டிக்கொடுக்கும்.

பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

'ஸெத் ஆர்ப்ர்' என்றால் இந்த மரம். நடுவில் 'பெரிய' வந்ததும் 'ஸு க்ரான் தார்ப்ர்'. 'ஓர் ஊர்', 'ஒரு பெரிய ஊர்' என்று நாம் மாற்றுகிற கணக்குதான்.

அருகும் தொலைவும்

'ஸு' என்றால் இந்த, 'ஸெத்' என்றால் அந்த என்று சிலர் பிரித்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பிரித்துக் காட்டத்தான் வேண்டுமென்றால் பெயர்ச்சொல்லின் வாலில் சேருங்கள்: இந்தப் புத்தகம் 'ஸு லிவ்ர்-ஸி', அந்தப் புத்தகம் 'ஸு லிவ்ர்-லா'.

ஊமை எச்

'ஸெத் ஒத்தெல்' (இந்த ஹோட்டல்), ஆனால் 'ஸு எரோ' (இந்த வீரன்). இரண்டும் எச் எழுத்தில் தொடங்குகின்றன, இரண்டிலும் எச் ஒலிக்காது; ஆனால் முதலாவது உயிரில் தொடங்குவதாகவும், இரண்டாவது மெய்யில் தொடங்குவதாகவும் கணக்கு. மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

இரவு

'ஸெத் நுயி' கழிந்த இரவாகவும் இருக்கலாம், வரப்போகிற இரவாகவும் இருக்கலாம். மொழிபெயர்க்குமுன் வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.